பத்திக்கு ஒரு பெயர்

சென்ற பருவத்தின் அகத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் பேனா நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்தின் சில அடிகளை எடுத்துக்காட்டி விளக்குமாறு கேட்டிருந்தேன். அம்மாணவர் அடிகளைப் பிழையின்றித் தந்திருந்தார். ஆனால் கடைசி அடிக்குப் பின் இளங்கோவடிகள் எழுதாத ஒரு தொடரும் பாட்டின் பகுதியாகவே சேர்ந்திருந்தது. அது அடியார்க்குநல்லார் உரையின் முதல் தொடர். மூலத்தையும் உரையையும் குழப்பிக்கொள்வது எங்கள் துறையில் சிறிய பிழை அன்று. மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் வகுப்பில் மிகக் கவனமாகக் கேட்பவர். பார்வையற்றவர், தாம் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதத் தேர்வெழுதுபவர். அழைத்துக் கேட்டேன்.

"ஐயா, நீங்க அனுப்புன பக்கத்துல அப்படித்தான் தொடர்ந்து வந்துச்சு. பாட்டு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியலைங்க ஐயா" என்றார்.

அந்தப் பக்கங்கள் நான் ஆக்கியவை. வேர்டில் தட்டச்சு செய்து, வலைப்பக்கமாக மாற்றி, மாணவர்களுக்கு அனுப்பியிருந்தேன். என் கண்ணுக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. பாட்டடிகள் தடித்த எழுத்தில் இருந்தன; உரை சற்று உள்ளடங்கி, சிறிய எழுத்தில் இருந்தது. பார்த்தவுடன் எது மூலம், எது உரை என்று தெரியும். அவரோ அதைத் திரைவாசிப்பான் கொண்டு கேட்டவர். தடிப்பும் சிறுமையும் உள்ளடங்கலும் காதில் விழவில்லை. அடியார்க்குநல்லாரின் உரைநடையும் பாட்டின் மொழியிலிருந்து வெகுதொலைவில் இருப்பதன்று. அவர் கேட்டதெல்லாம் ஒரே சீரான பத்திகள், இடையிடையே 'வெற்று' என்று பொருள்படும் ஓர் அறிவிப்பு, மீண்டும் பத்திகள்.

பக்கத்தின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று அன்றிரவு திறந்து பார்த்தேன். கணினித்துறையினர் தமக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று அதுவரை நான் ஒதுக்கிவைத்திருந்த ஒன்று, நேராக என் துறைக்குள் வந்து நின்றது. ஒரு கோப்பை எச்.டி.எம்.எல். பக்கமாக மாற்றும் மென்பொருள் நம் பத்திகளை எப்படி அடுக்கவேண்டும்? இலக்கியம் படிப்பவர்களுக்கும் இக்கேள்வியில் சொல்ல ஏதேனும் இருக்கிறதா? இருக்கிறது என்பதே என் கட்சி.

*

முதலில் சிறிது வரலாறு. வலைப்பக்கத்தின் மொழியான எச்.டி.எம்.எல்.லில் பத்தியைக் குறிப்பது 'பி' என்னும் குறி. 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதற்குறிகளுள் இதுவும் ஒன்று. அன்று அது பத்தியைச் சூழ்ந்து நிற்கும் குறி அன்று. இரண்டு பத்திகளுக்கு நடுவே இடப்படும் ஒரு பிரிகோடு மட்டுமே. 'இங்கே ஒரு பத்தி முடிந்தது' என்று அது சொல்லும், அவ்வளவுதான். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0இல் அது பத்தியை உள்ளடக்கும் கொள்கலம் ஆனது. தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிறிய மாற்றத்தின் பயன் அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ். என்னும் தோற்றமொழி 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. எழுத்தின் அளவு, நிறம், ஓரம், இடைவெளி முதலிய தோற்ற விவரங்களைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனியே ஓரிடத்தில் எழுதிவைப்பது அதன் அடிப்படைக் கருத்து. பிரிகோட்டுக்குப் பெயர் சூட்ட முடியாது, பெட்டிக்குச் சூட்டலாம். 'மூலம் என்ற பெயருடைய பத்திகள் எல்லாம் இப்படி நிற்கட்டும், உரை என்ற பெயருடையவை அப்படி நிற்கட்டும்' என்று ஒரே இடத்தில் ஆணையிட்டால் ஆயிரம் பக்கங்களும் அதற்குக் கட்டுப்படும். இந்தப் பெயரையே அவர்கள் 'கிளாஸ்' என்கிறார்கள். நாம் வகைப்பெயர் எனலாம்.

வகைப்பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 1998இல் வந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலிருந்தே பிறமொழி எழுத்துகளுக்கு அங்கே இடமுண்டு. 'வெண்பா' என்று தமிழிலேயே ஒரு வகைப்பெயர் வைத்து அதற்குத் தோற்றம் வகுக்கலாம். உலாவி முகம் சுளிக்காது.

ஆக, பெட்டி இருக்கிறது. அதன்மேல் பெயர் எழுத இடமும் இருக்கிறது. பெயரை எழுதுவது யார் என்பதே மிஞ்சிய கேள்வி.

*

என் கோப்பை மூன்று வழிகளில் மாற்றிப் பார்த்தேன்.

முதலாவது, வேர்டு தானே தரும் வலைப்பக்கம். வேர்டு 2000 பதிப்பு எழுதிய வலைப்பக்கத்துக்கு ஒரு தனி நோக்கம் இருந்தது: அதே பக்கத்தை மறுபடி வேர்டில் திறந்தால் ஒன்றும் இழக்காமல் பழைய கோப்பு திரும்பக் கிடைக்கவேண்டும். அதனால் உலாவிக்குத் தேவையற்ற, வேர்டுக்கு மட்டுமே விளங்கும் கட்டளைகள் ஒவ்வொரு பத்தியிலும் அப்பிக்கொண்டன. டேவ் ராகெட் எழுதிய 'டைடி' என்னும் துப்புரவு மென்பொருளில் வேர்டு 2000இன் பக்கங்களுக்கென்றே தனி வாய்ப்பு ஒன்று சேர்க்கப்பட்டது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் வேர்டு 'வடிகட்டிய' வலைப்பக்கம் ஒன்றையும் தரத்தொடங்கியது. நான் பயன்படுத்தியது அதைத்தான். அதிலும் இளங்கோவடிகளின் அடிக்கு 'எம்.எஸ்.ஓ.நார்மல்' என்று வகைப்பெயர். அடியார்க்குநல்லாரின் உரைக்கும் அதே 'எம்.எஸ்.ஓ.நார்மல்'. வேறுபாடெல்லாம் அந்தந்தப் பத்தியின் உள்ளே தடிப்பாகவும் ஓர அளவாகவும் எழுதப்பட்டிருந்தது. நான் இடைவெளிக்காகத் தட்டிய வெற்றுவரிகளும் தனித்தனிப் பத்திகளாகி நின்றன. என் மாணவர் கேட்ட 'வெற்று' அதுதான்.

இரண்டாவது, மின்னூல் செய்வோர் பலரும் நாடும் காலிபர். கோவித் கோயல் உருவாக்கிய இந்த மென்பொருளை நானும் நன்றியோடு பயன்படுத்துகிறேன். அது என் கோப்பின் தோற்றத்தைக் கூர்ந்து பார்த்து, ஒரே தோற்றமுடைய பத்திகளை ஒரு குழுவாக்கி, 'பிளாக் 1', 'பிளாக் 2' என்பதுபோல எண்ணிட்ட பெயர்களைத் தந்தது. சிறைக்கைதிகளுக்கு எண் இடுவதுபோலத்தான். பிரித்தறிய உதவும், யார் என்று சொல்லாது. ஓரிடத்தில் நான் தடித்த எழுத்தை மறந்திருந்தேன். அங்கே மூலம் தன் குழுவை விட்டு வேறொரு எண்ணுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, பாண்டாக். கலிபோர்னியாவின் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் முதலில் வெளியிட்ட மென்பொருள். எழுத்தின் அளவு, நிறம் முதலியவற்றைப் பெரும்பாலும் உதறிவிட்டுக் கட்டமைப்பை மட்டும் எடுத்துச்செல்வது இதன் போக்கு. பக்கம் தூய்மையாக வந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள். வேர்டு கோப்பில் ஒரு பத்தி உள்ளடங்கி நின்றால் அது மேற்கோளாக இருக்கும் என்று பாண்டாக் ஊகிக்கிறது. நான் உள்ளடக்கியிருந்தது உரையை. ஆகவே உரை மேற்கோள் ஆயிற்று. மேற்கோளாக வேண்டிய மூலம் சாதாரணப் பத்திகளாக நின்றது. அதுவும் ஒவ்வோர் அடியும் ஒரு தனிப் பத்தி. ஏனென்றால் நான் ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'என்டர்' விசையைத் தட்டியிருந்தேன். அந்த விசை வேர்டில் 'அடி முடிந்தது' என்று சொல்வதில்லை. 'பத்தி முடிந்தது' என்றே சொல்கிறது. அடியை மட்டும் மடக்க 'ஷிஃப்ட்' விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

கவிதை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாண்டாக் வெற்றுப் பத்திகளை இயல்பாகவே நீக்கிவிடும். அடிக்கொரு 'என்டர்', கண்ணிக்கிடையே இரண்டு 'என்டர்' என்று தட்டிய கவிதை இதன் வழியே போனால் கண்ணிகளின் எல்லை முழுதும் அழிந்துவிடும். நான்கு கண்ணிப் பாட்டு பதினாறு உதிரிப் பத்திகளாக வந்து சேரும். குற்றம் பாண்டாக்கினுடையது அன்று. வெற்றுப் பத்தி என்பது பொருளற்றது. அதற்கு ஒரு பொருள் இருந்தது என்பது தட்டச்சு செய்தவரின் மனத்தில் மட்டுமே.

*

மூன்று மாற்றிகளையும் பார்த்தபின் எனக்கு உறைத்தது இதுதான். கோப்பில் நான் எழுதிவைத்தது தோற்றத்தை. மாற்றிகள் ஒன்றேபோல் என்னிடம் தேடியது பெயரை. இல்லாத பெயரை ஒன்று பொதுப்பெயராக்கியது, ஒன்று எண்ணாக்கியது, ஒன்று ஊகித்தது.

இந்தச் சிக்கல் தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடியில் செய்யுள் அடிபிரியாமல் ஓடும். மூலத்தை அடுத்து உரையும் இடைவெளியின்றித் தொடரும். உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தபோது, பாடவேறுபாடு காண்பதற்கு முன்பே செய்யவேண்டியிருந்த வேலை, இது பாட்டு, இது உரை, இது உரைக்குள் வரும் மேற்கோள் என்று இனம்பிரிப்பது. பழைய உரைப்பதிப்புகளில் (இ-ள்.) என்று ஒரு குறி காணலாம். 'இதன் பொருள்' என்பதன் சுருக்கம் அது. இதற்கு மேல் மூலம், இதற்குக் கீழ் பொருள் என்று எல்லைக்கல் நட்டதுபோல அது நிற்கும். எழுத்து பெரிதானாலும் சிறிதானாலும், தாள் பழுத்தாலும், ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்டாலும் அந்தக் குறி பொருள் இழப்பதில்லை. நம் பதிப்பாசிரியர்கள் தோற்றத்தை மட்டும் நம்பவில்லை, பெயரும் சொல்லிவைத்தார்கள். அச்சு தந்த தடித்த எழுத்தும் உள்ளடங்கலும் பழகிப்போன நான், திரையில் அந்தக் குறியை வெட்டிவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆகவே கோப்பை மீண்டும் ஆக்கினேன். வேர்டில் 'ஸ்டைல்' என்று ஒரு வசதி இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வேர்டைப் பயன்படுத்தியும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. அதில் 'மூலம்', 'உரை', 'குறிப்பு' என்று மூன்று பாணிகளுக்குப் பெயர் வைத்தேன். ஒவ்வொரு பத்தியையும் எடுத்து அதற்குரிய பெயரைச் சூட்டினேன். தலைப்புகளுக்கு வேர்டிலேயே உள்ள தலைப்புப் பாணிகளைக் கொடுத்தேன். அவற்றை எல்லா மாற்றிகளும் தலைப்பாகவே அறிந்துகொள்ளும். கையால் இட்ட தடிப்பையும் வெற்றுவரிகளையும் நீக்கினேன். ஐம்பது பக்கத்துக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

பிறகு மீண்டும் பாண்டாக். பாணிப்பெயர்களையும் காப்பாற்று என்று அதனிடம் தனியே சொல்லவேண்டும். சொன்னால் ஒவ்வொரு பத்தியையும் 'டிவ்' என்னும் இன்னொரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் புறப்பெட்டியின்மேல் 'மூலம்' என்றும் 'உரை' என்றும் எழுதிவிடுகிறது. பத்தியின்மேலேயே எழுதாமல் ஏன் இந்தச் சுற்று என்று தோன்றும். பாண்டாக் தனக்குள் ஆவணத்தை வைத்துக்கொள்ளும் அமைப்பில் பத்திக்குப் பெயர் ஒட்ட இடமே இல்லை, பெட்டிக்குத்தான் உண்டு. சற்றுச் சுற்றுவழிதான். ஆயினும் தோற்றம் வகுப்பவருக்கு அது போதும். 'மூலம் என்ற பெட்டிக்குள் இருக்கும் பத்தி' என்று சி.எஸ்.எஸ்.சில் சொன்னால் உலாவி கண்டுபிடித்துக்கொள்கிறது. மூலத்தின் நீண்ட அடி கைப்பேசியின் குறுகிய திரையில் மடங்கினால் மடங்கிய பகுதி மட்டும் உள்தள்ளி நிற்கவேண்டும் என்று ஒரே ஒரு விதி எழுதினேன். நாற்சீரடி இரண்டாக உடைந்து இருசீரடிபோல மயக்குவது அதோடு நின்றது. உரையில் ஒரு பத்தியை அடுத்து வரும் பத்தி மட்டும் சிறிது உள்ளடங்கித் தொடங்கட்டும் என்பது இன்னொரு விதி. வெற்றுப் பத்திகள் நடுவே கிடந்தவரை இப்படிப்பட்ட விதிகளை நம்பி எழுதவே முடியவில்லை.

*

கதை இங்கே முடியவில்லை. முடிந்துவிட்டதாக நான் நினைத்தேன். மாணவரிடம் புதிய பக்கத்தைக் கொடுத்தபோது அவருக்கு முன்னைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. 'வெற்று' மறைந்திருந்தது, அடிகள் சேர்ந்து ஒலித்தன, அவ்வளவே. திரைவாசிப்பான் வகைப்பெயரை வாசிப்பதில்லை. நான் சூட்டிய பெயரெல்லாம் தோற்றமொழிக்குச் சொன்ன பெயர். கண்ணுள்ளவர்களுக்காகவே மீண்டும் உழைத்திருக்கிறேன்.

'பத்திகள் எல்லாம் பி, மற்றவை வகைப்பெயர்' என்பது தோற்றம் வகுக்க மிக எளிய அமைப்பு. மாற்றிகளை எழுதுவோர் பலர் அதை விரும்புவதற்கும் அதுவே காரணம். ஆனால் எளிமையான அமைப்பு எல்லோருக்கும் போதுமான அமைப்பு ஆகிவிடாது. எச்.டி.எம்.எல்.லில் சில குறிகள் பொருளையும் சேர்த்துச் சொல்பவை. வேறிடத்திலிருந்து எடுத்துக்காட்டும் பகுதிக்கு 'பிளாக்கோட்' என்று ஒரு குறி இருக்கிறது. உரைநூலில் மூலம் என்பது வேறென்ன? உரையாசிரியர் தம் கையில் எடுத்துக்கொண்ட பிறரது சொல்தானே. இந்தக் குறியைத் திரைவாசிப்பான் மேற்கோள் என்று அறிவிக்கும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் 'க்யூ' விசையைத் தட்டினால் அடுத்த மேற்கோளுக்குத் தாவலாம்.

'இந்தப் பாணிக்கு இந்தக் குறி' என்று நாமே பட்டியலிட்டுக் கொடுக்க இடம்தரும் மாற்றி ஒன்று உண்டு; பெயர் மாமத். எழுத்துருவையும் அளவையும் நிறத்தையும் அது திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறது. பாணிப்பெயரை மட்டும் கேட்கிறது. மூலம் என்றால் பிளாக்கோட், உரை என்றால் பி என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் முறையாகப் பக்கம் வந்தது.

*

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். நவீன கவிதையில் சொற்களுக்கிடையே விடும் வெளியே பொருள் அல்லவா, அங்கே தோற்றத்தை எப்படி உதறுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே வெளி அலங்காரம் அன்று, பாடத்தின் பகுதி. இட்ட இடைவெளியை இட்டபடியே காக்கச் சி.எஸ்.எஸ்.சில் வழி இருக்கிறது. ஆனால் எந்தக் கவிதைக்கு அது வேண்டும் என்று சொல்லவும் அந்தக் கவிதைக்கு ஒரு பெயர் வேண்டுமே!

இலக்கியத்துக்கு எச்.டி.எம்.எல். போதாது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். செய்யுளடிக்கென்று அதில் ஒரு குறிகூட இல்லை. 1987இல் தொடங்கிய 'டி.இ.ஐ.' என்னும் உரைக்குறியீட்டு முயற்சியில் அடிக்கும் அடித்தொகுதிக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆய்வுப்பதிப்பு செய்வோர் அங்கே போகத்தான் வேண்டும். வகுப்புக் குறிப்பு ஆக்கும் ஆசிரியருக்கும், சிற்றிதழை மின்னிதழாக்கும் நண்பருக்கும் ஐந்தாறு பெயர்கள் போதும்: தலைப்பு, மூலம், உரை, மேற்கோள், குறிப்பு, எழுதியவர் பெயர். அவற்றுள் எதையும் 'சிவப்பு', 'தடிப்பு' என்று தோற்றத்தால் அழைக்கவேண்டாம். நாளை நிறத்தை மாற்றினால் பெயர் பொய்யாகிவிடும்.

மாற்றிகளை எழுதுவோரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். தோற்றத்தை இழந்தாலும் நாங்கள் சூட்டிய பெயரை இழக்காதீர்கள். அதைக் காக்க வேறொரு விசையைத் தேடும்படி வைக்காதீர்கள். காப்பதே இயல்பாக இருக்கட்டும். எழுதுவோரிடம் சொல்வது அதனினும் எளிது. பெயர் சூட்டாமல் மாற்றியைக் குறைசொல்லவேண்டாம். எது பாட்டு, எது உரை என்று அறிவது நம் தொழில். அதை ஓர் இயந்திரம் ஓரத்து இடைவெளியைக் கொண்டு ஊகிக்கட்டும் என்று விட்டுவிடுவது தகாது.

அந்த மாணவருக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்தேன். பிழை என்னுடையது என்று தாளிலும் குறித்துவைத்தேன். புதிய பக்கத்தை அவர் என் அறையில் இருந்தபடியே கேட்டார். 'க்யூ' விசையைத் தட்டத் தட்ட, உரையைத் தாண்டித் தாண்டி மூலம் மட்டும் ஒலித்தது. நான்கைந்து முறை தட்டிவிட்டு, "இப்பத் தெரியுதுங்க ஐயா, எது அடிகள் சொன்னது, எது உரைகாரர் சொன்னதுன்னு" என்றார். பிறகு, மற்றப் பாடங்களின் குறிப்புகளையும் இப்படியே தரமுடியுமா என்று கேட்டார். அவற்றுள் முக்கால்வாசி இன்னும் என் மேசைக்கணினியில் பழைய கோலத்திலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு மாலையும் சில பக்கங்களுக்காவது பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறேன்.